உடல் நோவும் உள்ளச் சோர்வும்

நோய் என்னும் சொல்லைப் பழந்தமிழ்ப் புலவர்கள் உடலின் பிணிக்கும் வழங்கினர். உள்ளத்தின் துயர்க்கும் வழங்கினர். காய்ச்சலுற்றவனும் நோயுற்றவன்; காதலனைப் பிரிந்து வாடுபவளும் நோயுற்றவள். இன்றும் நாம் கால் நோகிறது என்கின்றோம். மனம் நொந்தேன் என்கின்றோம். வினை ஒன்றே. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுங்கால், அழுகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கென வகுத்தார். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. பிறரால் இகழப்படுதல், உற்றாரையோ பொருளையோ இழத்தல், முன்னிருந்த நிலை கெட்டுத் தளர்தல், இன்மை என்னும் இந்நான்கும் ஒருங்கே ஒருவர்மேல் வந்து விழுந்தால் யாதாகும் என்று அறிய விரும்புவோர், எங்கள் வருசநாட்டு மலையடிவாரத்தில் ஒரு திங்கள் தங்கியிருப்பின் போதும்.

மெய்ப்பாடு என்னும் பெயரே உள்ளத்து நிகழ்ச்சி மெய்யின்கண் புலப்படுதலைக் குறிக்கும். இதனைக் கொண்டு, இக்காலத்து நரம்பியலார் கண்டவற்றையெல்லாம் நம் முன்னோர் முன்னரே கண்டுவிட்டனர் என்று மார்தட்டுவாருடன் யான் சேரேன். நரம்பும் மூளையும் இயங்கும் முறை தொல்காப்பியர் எடுத்துக்கொண்ட பொருளன்று. ஆயினும், உடலும் உள்ளமும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்னும் செய்தி தமிழ் பயிலும் மாணவனுக்கு அயலானதன்று என்ற அளவில், இப்பொருள்பற்றி எழுதத் துணிந்தேன்.

யான் கூற வந்தது இது. எம் நாட்டில் மூட்டுவலி, இடுப்புவலி என்று மருத்துவரை நாடிச் செல்வோரின் மனநிலையை வினவுவார் அரியர். மனம் சோர்ந்து மூலையிற் கிடப்போரின் உடல்நோவைப் பொருட்படுத்துவாரும் அரியர். நீடித்த நோவும் மனச்சோர்வும் ஒரே நரம்பு வழிகளையும் ஒரே இரசாயனப் பொருள்களையும் பெரிதும் பங்கிட்டுக்கொள்வன. ஆதலின் ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் நோக்கும் மருத்துவம் அரை மருத்துவமே. அவ்வரை மருத்துவத்தின் விலையை எம்மூர்ப் பெண்களே மிகுதியும் கொடுத்துவருகின்றனர்.

வருசநாட்டை அறியாத அன்பர்க்காகச் சில சொற்கள். மதுரையை வளர்த்த வைகை பிறப்பது எங்கள் மலைகளில். மூல வைகை என்று யாம் வழங்கும் அவ்வாறு பாயும் பள்ளத்தாக்கில் வாலிப்பாறை, தும்மக்குண்டு, வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு முதலிய ஊர்கள் உள. வள்ளல் குமணனின் பெயரைத் தாங்கிய குமணன்தொழுவும் அண்மையிலுள்ளதே. ஆறு பிறக்கும் இடமாயினும் ஆண்டு முழுதும் நீருடைய நாடு எனல் ஆகாது. தென்னையும் முந்திரியும் இலவமும் எம்மக்கட்குச் சோறிடுவன. இலவங்காய் முற்றும் பங்குனி சித்திரைத் திங்கள்களில், ஆடவர் உயர்ந்த மரங்களில் ஏறிக் காயை அடித்து வீழ்த்துவர். தவறி வீழ்ந்து முதுகெலும்பு முறிந்தாரும் உளர். பெண்டிர் குனிந்து பொறுக்குவர். பின்னர்ப் பஞ்சு பறக்கும் கொட்டகையிற் காலை முதல் மாலைவரை குந்தியிருந்து காயை உடைத்துப் பஞ்சு வேறு விதை வேறாகப் பிரிப்பர். மலைக்கு அப்பால் கம்பம் பள்ளத்தாக்கில் நிலைமை சிறிது வேறு. அங்குள்ள பெண்கள் விடியுமுன் ஜீப்புகளில் நெருங்கியமர்ந்து, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்வர். ஏலக்காய் செடியின் உச்சியிற் காய்ப்பதன்று. தூரிலிருந்து கிளைத்துத் தரையையொட்டி நீளும் சரங்களிற் காய்ப்பது. அதனைப் பறிப்பவர் பகல் முழுதும் முதுகை வளைத்தே நிற்றல் வேண்டும். நாற்பது அகவை கடக்குமுன் இவர்தம் இடுப்பும் முழங்காலும் முதுமை எய்துவதில் வியப்பென்ன?

நோவு என்பது தன்னளவில் தீயதன்று. இதனை நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரியார் உலகுக்கு விளங்கக் காட்டினார். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோர்க்கு 1914ஆம் ஆண்டிற் பிறந்து, 1946 முதல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் என்பாரே அவர். தொழுநோயரின் விரல்கள் தாமே அழுகி வீழ்கின்றன என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், நரம்பு கெட்டு நோவுணர்ச்சி மாண்டமையால் அவர்கள் தம்மை அறியாமலே தம் கைகால்களைச் சுட்டும் வெட்டியும் தேய்த்தும் இழக்கின்றனர் என்று அவர் கண்டார். நோவு வேண்டப்படாத ஒரு கொடை என்பது அவர் கருத்து. மெய்தான். முள் தைத்த கால் நோவாவிடின் முள்ளை எடுப்பார் யார்?

ஆனால், முள்ளை எடுத்த பின்னும் ஓயாது கூவும் காவற்காரனை என் செய்வது? மூன்று திங்களுக்கு மேற்பட்டு நிற்கும் நோவை நீடித்த நோவு என்பர் மருத்துவர். 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தார் ஏற்றுக்கொண்ட நோய்ப் பகுப்பு, வேறொரு நோயின் அடையாளமாகவன்றித் தானே ஒரு நோயாக நிற்கும் நீடித்த நோவும் உண்டு என்று ஒப்புக்கொண்டது. எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் இல்லை, ஆதலின் உனக்கு ஒன்றும் இல்லை என்று கூறித் திருப்பியனுப்பும் வழக்கத்திற்கு இனி நூல்வழி ஆதரவு இல்லை என்பதே இதன் பொருள்.

இனி, இவ்விரு நோய்களும் எங்ஙனம் பிணைந்துள்ளன என்பதைக் காண்போம். காலில் உண்டாகும் நோவுச் செய்தி நரம்பு வழியே முதுகுத்தண்டை அடைந்து, ஆண்டிருந்து மூளைக்கு ஏறுகின்றது. இச்செய்தி தடையின்றி ஏறுவதன்று; முதுகுத்தண்டில் மதகு போன்றதோர் அமைப்பு உண்டு என்று மெல்ஸாக், வால் என்னும் இரு அறிஞர்கள் 1965ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். எங்கள் ஊர்க் கண்மாயில் நீர்ப்பாய்ச்சி மடையைத் திறப்பதும் அடைப்பதும் போல, மூளையும் தன் ஆட்களைக் கீழே அனுப்பி அம்மதகைத் திறக்கவும் அடைக்கவும் செய்கின்றது. நடுமூளையிற் புறப்பட்டு மூளைத்தண்டின் வழியாக முதுகுத்தண்டிற்கு இறங்கும் நரம்புகளே அவ்வாட்கள். அவை தம் பணியைச் செய்வது ஸெரோடோனின், நார் அட்ரினலின் என்னும் இரசாயனப் பொருள்களைக் கொண்டு. நார் அட்ரினலின் பெரும்பாலும் மதகை அடைக்கும். ஸெரோடோனின் சிலபோது அடைக்கும். சிலபோது திறந்தும் விடும். உடலே சுரக்கும் அபினி போன்ற பொருள்களும் உடன் நின்று உதவும். போர்க்களத்தில் வெட்டுண்ட வீரன் போர் முடியும்வரை நோவறியாது நிற்பதும், பரணி பாடிய புலவர் அதனை வியந்து புனைந்ததும் இவ்வடைப்பின் செயலே.

மனச்சோர்வுக்கும் இவ்விரு பொருள்களுக்கும் உறவுண்டு என்பது 1950க்குப் பின் படிப்படியாக வெளிப்பட்டது. அவ்வரலாற்றில் நம் நாட்டு மூலிகை ஒன்றும் இடம்பெற்றுள்ளது. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என்று பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் ஆங்கில மருத்துவ இதழொன்றில் எழுதினார். பின்னர் அவ்வேரினின்று ரெஸர்ப்பின் என்னும் மருந்து பிரிக்கப்பட்டது. அதனை உட்கொண்டோரிற் சிலர் காரணமின்றி மனம் சோர்ந்தனர் என்ற செய்தி வந்தது. அம்மருந்து நரம்புகளிற் சேமித்துள்ள ஸெரோடோனினையும் நார் அட்ரினலினையும் வறளச் செய்வது என்பதும் தெரிந்தது. மறுபுறம், 1952இல் அமெரிக்காவிலுள்ள ஸ்டேட்டன் தீவின் மருத்துவமனையொன்றில் காசநோயர்க்கு ஈந்த இப்ரோனியாஸிட் என்னும் மருந்து, அவர்களை எதிர்பாராத களிப்பிற்கு உள்ளாக்கியது. அஃது இவ்வகைப் பொருள்கள் சிதைவதைத் தடுப்பது. இவ்விரண்டையும் ஒட்டுவைத்து, இப்பொருள்களின் குறைவே மனச்சோர்வு என்று பலர் முடிவு கட்டினர்.

அம்முடிவு மிகையானது. ஸெரோடோனின் குறைவே சோர்வின் காரணம் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று 2022இல் வெளிவந்த பெருந்தொகுப்பாய்வு ஒன்று கூறிற்று. ரெஸர்ப்பின்பற்றிய பழஞ்செய்திகளும் பிற்காலத்தார் ஆராய்ச்சியில் வலுக் குன்றின. சோர்வு என்பது ஒரு பானையில் உப்புக் குறைந்தாற்போன்ற எளிய காரியமன்று. எனினும், இப்பொருள்களைக் கையாளும் நரம்புகள் நோவின் மதகையும் காக்கின்றன என்பது நிலைத்த உண்மை. அமிட்ரிப்டிலின் என்னும் மலிவான பழைய மருந்து மனச்சோர்வுக்கென 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்தது. இன்று அதனையே மிகச் சிறிய அளவில் நரம்புநோவுக்கு ஈகின்றனர். மனச்சோர்வே இல்லாதவர்க்கும் அது நோவைத் தணிக்கின்றது. டுலாக்ஸெட்டின் என்னும் பின்வந்த மருந்தும் அத்தகையதே. இவ்வொரு செய்தியை மறவாது நினைவிற்கொள்ளுமாறு படிப்போரை வேண்டுகின்றேன். ஏனெனில் இதனை அறியாமையால் விளைந்த கேட்டைப் பின்னர்க் கூறுவேன்.

இரண்டாவது பிணைப்பு இன்னும் வியப்பானது. காய்ச்சல் கண்டவன் போர்த்துப் படுக்கின்றான், உணவை வெறுக்கின்றான், பேச்சை விரும்பான், பிள்ளைகளின் சிரிப்பும் அவனுக்குப் பகை. இதனைக் கிருமியின் செயல் என்று எண்ணுகின்றோம். உண்மையில், கிருமியோடு போரிடும் நம் உடற்காவற் படையினர் விடுக்கும் ஸைட்டோகைன் என்னும் தூதுவரின் செயலே அது. இன்டர்லூக்கின்-6 என்பது அவருள் ஒருவர். படுத்து ஓய்வுகொள் என்று அவர்கள் மூளைக்கு ஆணையிடுகின்றனர். நான்கு நாட்களுக்கு அஃது அறிவுடைய ஆணை. மூட்டழற்சி நீங்காது நிற்பின் ஆணையும் நீங்காது நிற்கும். நாட்கள் திங்களாகும், திங்கள் ஆண்டாகும். அத்துடன், இத்தூதுவர் உடலில் ஒரு நொதியத்தைத் தூண்டி விடுவர். உணவிலிருந்து நாம் பெறும் டிரிப்டோஃபான் என்னும் பொருளினின்றுதான் ஸெரோடோனின் உண்டாதல் வேண்டும். அந்நொதியமோ டிரிப்டோஃபானை வேறு வாய்க்காலில் திருப்பிவிடுகின்றது. அவ்வாய்க்காலின் கடையில் குவினோலினிக் அமிலம் என்னும் பொருள் தோன்றி நரம்பணுக்களை அளவிறந்து கிளர்ச்சியுறச் செய்கின்றது. அக்கிளர்ச்சி நோவையும் மிகுவிக்க வல்லது.

இது வெறும் ஊகம் என்பார்க்கு விடை மருத்துவமனைகளிலேயே உண்டு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் ஸி நோய்க்கு முன்னாளில் இன்டர்ஃபெரான் என்னும் மருந்தை ஊசிவழிச் செலுத்தினர். அஃது உடல் தானே விடுக்கும் அத்தூதுவருள் ஒன்றின் வடிவம். மனநலம் குன்றாதிருந்தோர் பலர் அம்மருந்து பெற்ற சில வாரங்களில் ஆழ்ந்த மனச்சோர்வுற்றனர். மனத்துயர்க்கு மனத்திலேயே காரணம் இருத்தல் வேண்டும் என்போர் இதற்கு என் சொல்வர்?

எம்மக்கட்கு இது புத்தகச் செய்தியன்று. சிக்குன்குனியா என்னும் மூட்டுவலிக் காய்ச்சல் 1964இல் சென்னையிலும் வேலூரிலும் தோன்றிப் பின்னர் அடங்கிற்று. நெடுங்காலம் கழித்து 2005இன் இறுதியில் இந்தியாவில் மீண்டும் தலைகாட்டி, 2006இல் தமிழ்நாட்டு ஊர்களிற் பெருகிற்று. அவ்வாண்டில் நாடு முழுதும் ஏறத்தாழ 13.9 இலட்சம் பேர்க்கு அந்நோய் ஐயுறப்பட்டது என்பது அரசினர் கணக்கு. உடலைக் கூனச் செய்வது என்னும் பொருள்படும் ஆப்பிரிக்கச் சொல்லே அதன் பெயர். காய்ச்சல் ஒரு வாரத்தில் நீங்கும். மூட்டுவலியோ சிலரிடத்துத் திங்கட்கணக்கில், சிலரிடத்து ஆண்டுக்கணக்கில் நின்றது. எம் வீட்டில் அதனைப் பெற்றவர் என் அத்தை. யான் பிறந்தது அக்காலத்தையொட்டியே ஆதலின், நடையில் தடுமாறாத அத்தையை யான் கண்டதில்லை.

அவர் இலவங்காய் உடைக்கும் பெண்களுள் முதல்வராக இருந்தவராம். கையின் வேகத்தைக் கண்டு பிற பெண்கள் பொறாமைப்படுவராம். மூட்டுகள் பிணங்கியபின் கொட்டகையில் அவர்க்குக் கூலி குறைந்தது. பின்னர் வேலையே நின்றது. வீட்டில் "வேலைக்குப் போக மனசில்லாம நடிக்கிறா" என்னும் சொல் எழுந்தது. அவர் உண்பது குறைந்தது. திருவிழாவுக்கும் ஆலயத்திற்கும் செல்வது நின்றது. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து இருளில் உட்கார்ந்திருப்பார். இளிவு, இழவு, அசைவு, வறுமை நான்கும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்ததைத் தொல்காப்பியம் படிக்குமுன்னரே கண்டேன்.

பலவிடத்தும் அலைந்தபின், மருத்துவர் ஒருவர் அத்தையிடம் நின்று நிதானித்துக் கேட்டு, சிறிய அளவில் அமிட்ரிப்டிலின் எழுதிக்கொடுத்தார். மருந்துக்கடையில் அதனை எடுத்துக்கொடுத்த இளைஞன், "இது மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை; ஒங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டானாம். அத்தை வழியிலேயே அதனை ஆற்று மணலில் எறிந்துவிட்டு வந்தார். நான் பைத்தியமா என்பதே அவர் எழுப்பிய ஒரே வினா. அவ்விளைஞன்மீது எனக்குச் சினமில்லை. நோவுக்கும் சோர்வுக்கும் ஒரே மருந்து உதவுவது ஏன் என்று மருந்தெழுதியவரும் அத்தைக்குக் கூறவில்லை. கூறியிருப்பின் இரண்டு நிமிடமே ஆகியிருக்கும்.

மருந்தை எறிந்தவர் வெறுங்கையோடு இருக்கவில்லை. எம் பக்கத்து ஊர்களில் வலிமாத்திரை பெட்டிக்கடைகளிலும் கிடைக்கும். வெறுவயிற்றில் அவற்றை ஆண்டுக்கணக்கில் விழுங்குவோர்க்கு இரைப்பையிற் புண்ணும் சிறுநீரகக் கேடும் உண்டாதல் மருத்துவர் அறிந்ததே. இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. முறையான பட்டமில்லாத சிலர் பெயரில்லாப் பொட்டலங்களிற் கொடுக்கும் மாத்திரைகளில் டெக்ஸாமெதாஸோன் முதலிய ஸ்டீராய்டு மருந்து கலந்திருத்தல் நம் நாட்டுப் புறங்களில் அரிதன்று. உண்ட மறுநாள் வீக்கம் வற்றும், நோவு பறக்கும், உள்ளமும் ஒருவகை ஊக்கம் கொள்ளும். கைராசிக்காரர் என்று ஊரே கொண்டாடும். உடல் தானே சுரக்கும் கார்ட்டிஸால் என்னும் பொருளின் உறவினம் அது. அயலிலிருந்து மிகுதியாக வரவே, உடல் தன் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். மாத்திரையைத் திடுமென நிறுத்தியவர் எழ இயலாது வீழ்வர். சிலபோது உயிர்க்கே ஏதமாம். எலும்பு மெலிவதும், சர்க்கரை ஏறுவதும், மனம் தாறுமாறாவதும் அதன் பிற பயன்கள். ஆடவர் பலர் நாடுவது வேறொரு மருந்து. அதனை அரசினரே டாஸ்மாக் கடையில் விற்கின்றனர். இரவின் நோவை மறக்கச் செய்யும் அது, உறக்கத்தைக் கெடுத்து மறுநாளைய நோவையும் சோர்வையும் இருமடங்காக்கித் திருப்பித் தரும்.

கோடாங்கியிடம் செல்வாரும் உளர். படித்த நாம் அதனை எள்ளி நகையாடுகின்றோம். அவர் கூறும் காரணத்தை யானும் ஏற்கேன். ஆயினும், அவர் உடுக்கையை எடுக்குமுன் வீட்டுச் செய்தி முழுவதையும் கேட்கின்றார். உறவினர் அனைவரையும் வரவழைக்கின்றார். இவளுக்கு ஒன்றுமில்லை என்று ஒருகாலும் கூறுவதில்லை. மருத்துவமனையின் நெடிய வரிசையில் நின்றவர்க்கு இம்மூன்றும் கிடைப்பதில்லை. எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் வேறொரு குறை. சோர்ந்திருப்பவரிடம் விசுவாசம் குறைந்தது என்று நல்லெண்ணத்தோடே கூறிவிடுகின்றோம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனருகே வாய் திறவாது தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் செய்தது நன்றே. வாய் திறந்து காரணம் கற்பிக்கப் புகுந்தபோதுதான் அவன் நோவை மிகுவித்தனர்.

இதன் முடிவு சிலரிடத்து எங்குச் செல்கின்றது என்பதை மறைத்தல் தகாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2021ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,64,033 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அவருள் நாட்கூலிகள் 42,004 பேர். நால்வரில் ஒருவர் என்னலாம். காரணங்களில் நோயென்று குறிக்கப்பட்டது 18.6 விழுக்காடு. நோயென்று எழுதிய அச்சொல்லினுள் எத்துணை நீடித்த நோவும், எவரும் வினவாத எத்துணைச் சோர்வும் அடங்கியுள்ளன என்பது அக்கணக்கிற் புலப்படுவதன்று. இதனைப் படிப்போருள் எவர்க்கேனும், அவர் வீட்டார்க்கேனும் அத்தகைய எண்ணம் தோன்றுமாயின், 14416 என்னும் எண்ணுக்கோ, நம் மாநிலத்தின் 104 என்னும் எண்ணுக்கோ எப்பொழுதும் பேசலாம். முன்னது டெலி மானஸ் என்னும் பெயரில் 2022 அக்டோபர் முதல் நடைபெறுவது.

செய்யத்தக்கது யாது? இரசாயனத்தை இவ்வளவு விரித்தெழுதியதனால், மாத்திரை ஒன்றே வழி என்று யான் கூறுவதாக எண்ணவேண்டா. குந்தியிருந்து காய் உடைக்கும் பெண்ணுக்கு ஓர் உயரமான பலகை கிடைப்பின், அதுவும் அவள் முதுகுத்தண்டின் மதகைச் சென்று அடையும் மருந்தே. கூலி குறையாது ஒருநாள் ஓய்வு கிடைப்பதும் அத்தகையதே. மெல்லிய உடற்பயிற்சி நோவையும் சோர்வையும் ஒருங்கே தணிக்கும் என்பது பல ஆய்வுகளின் துணிபு. ஆனால் பகல் முழுதும் வளைந்து உழைத்தவளிடம் உடற்பயிற்சி செய்க என்பது கேலியாகத் தோன்றும். உழைப்பு வேறு, பயிற்சி வேறு என்பதையும், பிணங்கிய மூட்டை எவ்வாறு அசைத்தல் வேண்டும் என்பதையும் ஒருவர் அருகிருந்து காட்டவேண்டும். மருந்து என்பது நாற்கூற்றது என்று வகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து உதவுவோனையும் ஒரு கூறாக வைத்தார். நம் நாட்டில் அந்நான்காம் கூறே பெரிதும் விடுபட்டுள்ளது.

அது கைகூடாத காரியமன்று. மருத்துவப் பட்டமில்லாத, ஆனால் பயிற்சி பெற்ற உள்ளூரினரைக் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தி, மனச்சோர்வும் மனக்கலக்கமும் உற்றோரோடு பேசச் செய்தனர் விக்ரம் பட்டேல் முதலிய அறிஞர்கள். 2010இல் வெளிவந்த அதன் முடிவு, அரசு நிலையங்களில் அம்முறையால் குணமடைந்தோர் மிகுதி என்று காட்டிற்று. அந்நிலையங்களுக்கு வந்தோரும் எம்மூரார் போலவே பெரும்பாலும் உடற்குறையைச் சொல்லிக்கொண்டு வந்தவரே. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீடுதேடி வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. வாலிப்பாறையின் ஒரு குடிசைக்குள் அரசின் ஆள் ஒருவர் செல்வதே பெரிய காரியம். சென்றவர் இரண்டு வினாக்களை உடன் வினவலாகாதா? கடந்த இரு வாரங்களில் எதிலும் நாட்டமின்றி இருந்ததுண்டா, மனம் தளர்ந்து நம்பிக்கையற்று இருந்ததுண்டா என்னும் அவ்விரு வினாக்களும் உலகெங்கும் மருத்துவர் முதற்சோதனையாகக் கொள்வன. இரண்டிற்கும் ஆம் என்பார் யார் என்று தெரிந்தால், க. விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எவரை அனுப்பவேண்டும் என்பது தெரியும். அங்குச் சென்று வருதல் எம்மூரார்க்கு ஒருநாட் கூலியை இழக்கும் செலவு. ஆதலின் வீணே அலையவிடாது, தக்காரையே அனுப்புதல் முறை.

இவ்விடத்தில்தான் தமிழ் மாணவராகிய நமக்கு ஒரு பணி உண்டென்று எண்ணுகின்றேன். மனச்சோர்வு என்னும் சொல்லை என் அத்தையிடம் கூறினால் அவர்க்கு விளங்காது; உனக்கு மனநோய் என்று பொருள் கொண்டு வெகுள்வார். எம்மூர்ப் பெண்கள் அதனைக் கூறும் சொற்கள் வேறு. "எதுலயும் மனசு ஓடல" என்பர். "கைகால் அத்துப்போச்சு" என்பர். "நெஞ்சுல கல்ல வச்ச மாதிரி இருக்கு", "சோறு எறங்கல", "ஒடம்பெல்லாம் ஒடைஞ்சு கெடக்கு" என்பர். "ஏன்டா விடிஞ்சதுன்னு இருக்கு" என்பது ஒன்று. சோர்வுற்றோர் பலர்க்கு மாலையினும் காலையே கொடியது என்று மருத்துவ நூல்கள் கூறும் அடையாளத்தை அது மூன்று சொல்லில் அடக்கிவிட்டது. இவற்றை உடல்நோவு என்று ஒரு பட்டியலிலும் மனநோவு என்று வேறொரு பட்டியலிலும் பிரித்தெழுத முயன்று பார்த்தேன். பாதிச் சொற்கள் எப்பட்டியலிலும் அடங்கவில்லை.

வருகின்ற விடுமுறையில் யானும் என் வகுப்புத் தோழர் இருவரும் கடமலைக்குண்டு முதல் வாலிப்பாறை வரையுள்ள ஊர்களில் இத்தகைய சொற்களைத் தொகுக்கக் கருதியுள்ளோம். அவற்றைக் கொண்டு அவ்விரு வினாக்களையும் எம்மக்கள் நாணாது விடைகூறத்தக்க பேச்சில் எழுதி, சுகாதார நிலையத்தார் பார்வைக்கு வைத்தல் எங்கள் எண்ணம். அஃது இலவங்காய் முற்றும் பருவமாதலின், பெண்களை மாலை விளக்கேற்றிய பின்னரே காணல் கூடும். வேறு மாவட்டங்களினின்று வந்து நம் கல்லூரியிற் பயிலும் நண்பர்களும், பழைய மாணவராகிய பெரியோர்களும் தத்தம் ஊரில் இந்நோவைக் குறிக்கும் சொற்களை, கூறுவார் பெயரின்றி, எழுதித் தமிழ்த் துறைக்கு அனுப்பின் நன்றியுடன் ஏற்றுக்கொள்வோம்.